மொரப்பூர்ச் சந்திப்பு: ஒரு பஞ்சக் காப்புப் பாதையின் வரலாறு

தருமபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் தென்பெண்ணையையும் அதன் துணையாறுகளையும் நம்பி வாழ்பவை. இவ்வூர்களின் மக்கள் சென்னைக்கோ கோவைக்கோ இரயிலில் செல்ல விரும்பினால் மொரப்பூர் நிலையத்திற்குத்தான் வருவர். சென்னை–சேலம் பெரும்பாதையில் திருப்பத்தூரைக் கடந்தபின், சாமல்பட்டிக்கும் பொம்மிடிக்கும் இடையே அமைந்துள்ளது இந்நிலையம். விரைவு வண்டிகளுள் சிலவே இங்கு நிற்கும். அவையும் ஓரிரு நிமிடங்களில் புறப்பட்டுவிடும். சன்னலோரம் அமர்ந்திருக்கும் நெடுந்தூரப் பயணிக்கு இது பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு மறந்துபோகும் வழியோர நிலையங்களுள் ஒன்று.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் மொரப்பூர் ஒரு சந்திப்பு நிலையமாக விளங்கியது. இங்கிருந்து ஒரு குறும்பாதை பிரிந்து தருமபுரிக்குச் சென்றது. பின்னர் ஓசூர் வரை நீண்டது. அப்பாதை ஏன் போடப்பட்டது, ஏன் பெயர்த்தெடுக்கப்பட்டது என்னும் இரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள். இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவோர் முதலாவதை ஆங்கில ஆட்சியின் கருணை என்றும், இரண்டாவதைப் போரின் கொடுமை என்றும் கூறி அமைந்துவிடுகின்றனர். இரண்டையும் சேர்த்து நோக்கும்போது வேறொரு செய்தி புலப்படுகிறது.

இந்நிலப்பகுதி பாராமகால் எனப் பெயர் பெற்றிருந்தது. மைசூரின் ஆட்சிப் பரப்பில் அடங்கியிருந்த இதனை, மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன்பின் அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் துணைவராகிய தாமஸ் மன்றோவும் இங்கு நிலவரித் திட்டத்தை வகுத்தனர். மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய ஆண்டுகளே பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி முறைக்குப் பயிற்சிக்களமாயின எனலாம். நிலத்தின் ஒவ்வொரு துண்டையும் அளந்து, ஒவ்வோர் உழவரிடமும் நேரே வரி கொள்ளும் முறை அது. மழை பொய்த்த ஆண்டில் அவ்வுழவருக்கு என்ன நேரும் என்பதற்கு அம்முறையில் போதிய விடை இருக்கவில்லை. புன்செய் மிகுந்த இம்மண்ணில் மழை பொய்ப்பது அரிய நிகழ்ச்சியும் அன்று.

சென்னை இருப்புப்பாதைக் கம்பெனி தன் முதல் வண்டியை 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா சாலை வரை ஓட்டியது. தென்னிந்தியாவின் முதல் இரயில் பயணம் அதுவே. பாதை மேற்கு நோக்கி வளர்ந்து 1860இல் திருப்பத்தூரையும், 1861இல் சேலத்தையும், 1862இல் மலபாரின் பேப்பூரையும் அடைந்தது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை 1864இல் திறக்கப்பட்டது. திருப்பத்தூருக்கும் சேலத்திற்கும் இடையே, மலைகள் விட்டுக்கொடுத்த இடைவெளியைத் தேடிச் சென்ற பெரும்பாதை மொரப்பூரைத் தொட்டது; வட்டத் தலைநகராகிய தருமபுரியையோ கிருஷ்ணகிரியையோ தொடவில்லை. பாதை தொட்ட வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களில் நம்மவர் நடத்திய தோல் வணிகம் கடல் கடந்து விரிந்ததற்கு இந்த இரயிலும் ஒரு காரணம். வறண்ட நிலத்து ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் வண்டியேறிச் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. பாதை தொடாத ஊர்களோ மாட்டுவண்டிக்குக் கட்டுப்பட்டே கிடந்தன.

இக்கம்பெனியின் முதலீடு பற்றி ஒரு செய்தியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது பயன்படும். இங்கிலாந்தில் பங்கு வாங்கியவர்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி கிடைக்கும் என அரசு உறுதியளித்திருந்தது. சென்னைக் கம்பெனி நெடுங்காலம் அவ்வளவுக்கு ஈட்டவில்லை. குறைந்த தொகையை இந்தியக் கருவூலம் ஈடுசெய்தது. கருவூலத்தில் இருந்ததோ பாராமகால் உழவர் போன்றோர் செலுத்திய வரிப்பணம்.

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு தென்மேற்கும் கைவிட்டது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் நினைவில் நின்றுவிட்ட அக்கொடும்பஞ்சம் 1878 வரை நீடித்தது. தென்னிந்தியாவில் மாண்டோர் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு. சேலம் மாவட்டம், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் பகுதிகள் அடங்கிய அன்றைய பெருமாவட்டம், மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்று. 1871ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது சுமார் 16 இலட்சம். இயல்பான பெருக்கத்தைக் கணக்கில் கொள்ளாமலேயே மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் குறைந்துவிட்டனர். மாண்டோரும் ஊரைவிட்டு ஓடியோரும் அதில் அடக்கம்.

இங்குதான் இரயிலைப் பற்றிய ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. பெரும்பாதை சேலம் மாவட்டத்தின் நடுவே பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து தானியம் வந்ததும் உண்மை. ஆனால் நிலையத்தில் இறங்கிய மூட்டையை முப்பது, நாற்பது மைல் உள்ளே கொண்டு செல்ல மாடு வேண்டும். பஞ்சம் முதலில் கொன்றது மாடுகளை. புல்லும் நீரும் இல்லாத சாலையில் வண்டிகள் நடக்கவில்லை. தென்னிந்தியாவின் நிலையங்கள் பலவற்றில் தானியம் குவிந்து கிடக்க, உள்நாட்டில் மக்கள் மாண்டனர். மறுபுறம், விலை ஏறிய இடத்தை நோக்கித் தானியத்தை உறிஞ்சிச் செல்லவும் அதே இரயில் பயன்பட்டது. வைஸ்ராய் லிட்டனின் அரசு தானிய வணிகத்தில் தலையிட மறுத்தது. நிவாரணப் பணியாளரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியம், அதற்குமேல் சிறு காசு என்ற அளவிற்குக் குறைத்த சர் ரிச்சர்டு டெம்பிளின் பெயர் இன்றும் அக்கூலிக்கே அடைமொழியாக நிற்கிறது.

பஞ்சத்திற்குப் பின் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அரசே தானியம் வாங்கிக் களஞ்சியத்தில் சேர்த்து வைப்பதை அது ஏற்கவில்லை. வணிகரின் போக்கில் விடுவதே நன்று எனக் கருதியது. செழிப்பான ஏழாண்டுகளில் கதிரோடு சேமித்து வறட்சியான ஏழாண்டுகளைக் கடத்திய யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஓதி வளர்ந்த நமக்கு இம்முடிவு வியப்பளிப்பது இயல்பே. ஆணையம் களஞ்சியத்திற்கு மாற்றாக முன்வைத்தது இருப்புப்பாதைகளையும் பாசனத்தையும். ஐயாயிரம் மைல் பாதையை உடனடியாகப் போடவேண்டும் என்றது. அக்காலத்து அரசுக் கணக்கில் பொதுப்பணிகள் இருவகையாகப் பிரிக்கப்பட்டன. போட்ட முதலுக்கு வட்டி ஈட்டக்கூடியவை ஆதாயப் பணிகள். ஈட்டாவிட்டாலும் பஞ்சக் காலத்தில் உயிரைக் காக்கும் என்பதால் மேற்கொள்ளப்படுபவை காப்புப் பணிகள். இரண்டாம் வகையில் பிறந்தவையே மொரப்பூர்ப் பாதையும் அதன் உடன்பிறப்பாகிய திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதையும்.

பஞ்சத்திற்கென்றே வழி சமைப்பது இஸ்லாமிய வரலாறு அறியாத செய்தியன்று. ஹிஜ்ரீ 18இல் மதீனாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் வாட்டிய வறட்சியை வரலாற்றாசிரியர்கள் ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு, என்பர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாகாண ஆளுநர்களுக்கு எழுதி உணவு வரவழைத்தார்கள். எகிப்தின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், தூர்ந்து கிடந்த பண்டைய கால்வாய் ஒன்றைத் தோண்டச் செய்து நைல் நதியைச் செங்கடலின் குல்ஸும் துறையோடு இணைத்தார்கள். எகிப்தின் தானியம் படகிலேறிச் செங்கடல் வழியே மதீனாவின் துறையாகிய ஜாருக்கு வந்தது. ‘கலீஜு அமீரில் முஃமினீன்’ என்று பெயர் பெற்ற அக்கால்வாய், வறட்சி நீங்கிய பின்னும் நூறாண்டுக்கு மேல் பயன்பட்டது. அதன் முடிவும் குறிப்பிடத்தக்கது. எட்டாம் நூற்றாண்டில் மதீனாவில் எழுச்சி தோன்றியபோது, எழுந்தவர்களுக்கு உணவு சென்று சேராதிருக்க அப்பாஸிய கலீஃபா அல்-மன்ஸூர் அதனை அடைக்கச் செய்தார் என எழுதியுள்ளனர். உயிர்காக்கத் தோண்டிய வழி அரசின் போர்த்தேவைக்காக மூடப்பட்டது. மொரப்பூரின் கதைக்குத் திரும்புவோம்.

ஆணையத்தின் பரிந்துரைக்கும் தண்டவாளம் தரையில் இறங்குவதற்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்தது. லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளிவந்தபோது இம்மண்ணில் குறும்பாதை எதுவும் இல்லை. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை 1905 செப்டம்பர் 18இல் திறக்கப்பட்டது. மொரப்பூர்–தருமபுரிப் பாதை 1906 ஜனவரி 18இல் திறக்கப்பட்டது. ஹிஜ்ரீக் கணக்கில் அது 1323. டமாஸ்கஸிலிருந்து மதீனாவை நோக்கி ஹிஜாஸ் இரயில்பாதை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. இந்திய முஸ்லிம்கள் அதற்கு நன்கொடை திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

தருமபுரிப் பாதையின் நீளம் ஏறத்தாழ 18 மைல். அகலம் இரண்டடி ஆறங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். பெரும்பாதையின் அகலமோ ஐந்தடி ஆறங்குலம். குறும்பாதையைத் தேர்ந்ததற்குக் காரணம் சிக்கனமே. இலேசான தண்டவாளம் போதும். வளைவுகளைக் கூர்மையாக அமைத்து மேட்டைச் சுற்றிச் செல்லலாம். பாலங்கள் சிறியனவாக இருக்கலாம். இயந்திரமும் பெட்டியும் மலிவு. மராட்டியத்தின் பார்சிப் பாதை 1897 முதல் இதே அகலத்தில் நடந்துவந்தது.

ஆனால் இச்சிக்கனத்திற்கு மொரப்பூரில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. குறும்பாதையின் பெட்டி பெரும்பாதையில் ஓடாது. பெரும்பாதையின் பெட்டி குறும்பாதையில் ஏறாது. எனவே ஒவ்வொரு மூட்டையும் மொரப்பூரில் ஒரு வண்டியிலிருந்து இறக்கப்பட்டு, சுமையாட்களின் முதுகிலேறி, மற்றொரு வண்டியில் ஏற்றப்பட வேண்டும். பயணிகளும் இறங்கி, மறுவண்டிக்குக் காத்திருந்தே மாறவேண்டும். சிற்றூர் ஒன்று சந்திப்பாவதன் பொருளியல் இதில்தான் அடங்கியுள்ளது. சரக்கும் மனிதரும் தங்காமல் கடந்துவிட்டால் ஊருக்கு எதுவும் மிஞ்சாது. நின்று மாறுவதால்தான் சுமை கூலியும், கிடங்கு வாடகையும், சோற்றுக்கடையும், வண்டிக்காரர் பிழைப்பும் உண்டாகின்றன. ஊரின் வாழ்வுக்குக் காரணமான அதே தடங்கல்தான் பாதையின் சாவுக்கும் காரணமாயிற்று. அதைப் பின்னர்க் காண்போம்.

1908இல் சென்னைக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்தபோது அதன் பாதைகள் பிரிக்கப்பட்டன. சோலையார்பேட்டையிலிருந்து மேற்குக் கடற்கரை வரையிலான பெரும்பாதை தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியிடம் வந்தது. இவ்விரு குறும்பாதைகளையும் அக்கம்பெனியே இயக்கியது. 1913இல் தருமபுரிப் பாதை ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட அரசிதழ் 1918இல் வெளிவந்தபோது இது நடைமுறையில் உள்ள பாதை.

நம்முடைய கருத்தில் இப்பாதையின் எதிர்காலம் 1913இலேயே ஒருவகையில் முடிவாகிவிட்டது. ஓசூரிலிருந்து பெங்களூர் சாலைவழியே இருபத்தைந்து மைல் அளவே. ஆனால் ஓசூர் சென்னை மாகாணத்தின் எல்லை. அதற்கப்பால் மைசூர் சமஸ்தானம். பாதை எல்லையில் நின்றுவிட்டது. ஒரு முனையில் பெரும்பாதையோடு கலக்க முடியாத அகலம். மறுமுனையில் பெருநகரை அடையாத முடிவு. இடையில் இருந்தவை வறண்ட நிலத்து ஊர்கள். பஞ்சக் காலத்திற்கு இது போதும். பஞ்சமில்லாத காலத்தில் இதற்குச் சரக்கு எங்கிருந்து கிடைக்கும்?

முதல் உலகப்போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகின. 1930களின் பொருளாதார மந்தத்தில் இரயில் கம்பெனிகளின் வருவாய் சரிந்தபோது சாலைப் போட்டி பெருஞ்சிக்கலாக உணரப்பட்டது. 1932–33இல் மிட்செல்–கிர்க்னஸ் குழு இதனை ஆராய்ந்தது. 1936–37இல் வெட்ஜ்வுட் குழு மீண்டும் ஆராய்ந்தது. 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. போட்டியில் முதலில் அடிபட்டவை குறுகிய தூரக் கிளைப்பாதைகளே. தருமபுரிச் சந்தையில் ஏற்றிய மூட்டையை லாரி சேலத்துக் கடைவாயிலில் இறக்கிவிடும். இரயிலிலோ தருமபுரி நிலையத்தில் ஒருமுறை ஏற்றி, மொரப்பூரில் இறக்கி ஏற்றி, சேலத்தில் இறக்கி, மீண்டும் வண்டி பிடிக்க வேண்டும். காலமும் கூலியும் சேதமும் எந்தப் பக்கம் மிகுதி என்பதை வணிகருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குறும்பாதையின் வேகமும் அதிகமன்று. ஆகவே இப்பாதை நட்டத்தில் ஓடியது என்று சொல்வோரை நாம் மறுக்கவில்லை. அக்காலத்தை எண்ணி உருகுவோர் இந்த உண்மையை விட்டுவிடுவது சரியன்று.

நம்முடைய வினா வேறு. காப்புப் பணி என்று பெயர் சூட்டிப் பெற்ற பிள்ளையை ஆதாயப் பணியின் தராசில் நிறுத்தியது ஏன்? பெரும்பாதை நட்டமடைந்த காலத்தில் பங்குதாரருக்கு ஐந்து விழுக்காடு குறையாமல் பார்த்துக்கொண்ட அதே கருவூலம், பஞ்சக் காப்புக்கென்றே போடப்பட்ட சிறுபாதையின் நட்டத்தைத் தாங்க முடியாதது என்று கருதியது. பங்குதாரர் இலண்டனில் இருந்தனர். தாதுப் பஞ்சத்தில் மாண்டவரின் பேரப்பிள்ளைகள் தருமபுரியில் இருந்தனர். வேறுபாடு இவ்வளவே.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் போர்முனைகளுக்குத் தண்டவாளமும் இயந்திரமும் பெட்டிகளும் தேவைப்பட்டன. இங்கிலாந்திலிருந்து இரும்பு வருவது நின்றது. வருவாய் குறைந்த இந்தியக் கிளைப்பாதைகள் பல பெயர்க்கப்பட்டன. அவ்வாறு திரட்டிய தளவாடங்களில் பெரும்பங்கு மத்தியக் கிழக்கிற்குக் கப்பலேறியது. மொரப்பூர்–ஓசூர்ப் பாதை 1941இல் மூடப்பட்டுப் பெயர்க்கப்பட்டது. கிருஷ்ணகிரிப் பாதையும் விடுதலைக்கு முன்பே மறைந்தது. முந்தைய போரில் ஹிஜாஸ் பாதை தகர்க்கப்பட்டதை நாம் நன்கு அறிவோம். அது பகைவரின் வெடிமருந்தால் நேர்ந்தது. மொரப்பூர்ப் பாதையைப் பெயர்த்தவர் அதைப் போட்டவரே.

அடுத்த ஆண்டு, 1942இல், பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சென்னை மாகாணம் நெடுங்காலம் உண்டுவந்த பர்மா அரிசி நின்றது. 1943இல் வங்கத்தில் முப்பது இலட்சம் பேர் அளவுக்கு மாண்டனர் என மதிப்பிடுகின்றனர். தென்னாட்டிலும் அரிசித் தட்டுப்பாடு கடுமையாகிப் பங்கீட்டு முறை புகுந்தது. வங்கத்தின் அளவுக்குப் பேரழிவு இங்கு நேராதது அரசு தானியக் கொள்முதலிலும் பங்கீட்டிலும் இறங்கியதால் எனலாம். 1880இன் ஆணையம் வேண்டாமென்று தள்ளிய களஞ்சியம் இவ்வாறு பின்வாயில் வழியே வந்து சேர்ந்தது. ஆனால் பஞ்சத்திற்கென்று போட்ட பாதை, பஞ்சம் மீண்டும் கதவைத் தட்டிய வேளையில் தருமபுரியில் இல்லை.

விடுதலைக்குப் பின் 1951 ஏப்ரல் 14இல் தெற்கு இரயில்வே உருவாயிற்று. 1965 அக்டோபர் 2இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. தருமபுரிக்கு மீண்டும் இரயில் வந்தது 1960களின் இறுதியில். ஆனால் மொரப்பூர் வழியாக அன்று. சேலத்திலிருந்து ஓமலூர், தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியே பெங்களூருக்கு மீட்டர் பாதை போடப்பட்டது. 1913இல் எல்லையில் நின்ற வழி, மாநில எல்லையைக் கடந்து பெங்களூரை எட்டியது. 1990களில் அது அகலப்பாதையாகியது. பழைய பாதையின் தருமபுரி–ஓசூர்ப் பகுதிக்கு இவ்வாறு மறுவாழ்வு கிட்டியது. மொரப்பூர்–தருமபுரிப் பகுதிக்குக் கிட்டவில்லை. விளைவாக, மாவட்டத் தலைநகரில் ஒரு நிலையமும், சென்னைப் பெரும்பாதையில் இன்னொரு நிலையமும் இருக்க, இடைப்பட்ட சுமார் முப்பது கிலோமீட்டரைப் பேருந்தில்தான் கடக்க வேண்டும். தருமபுரியிலிருந்து சென்னைக்கு இரயிலிலேயே செல்ல விரும்புபவர் சேலத்தையோ பெங்களூரையோ சுற்றவேண்டும். இல்லையேல் பேருந்தேறி மொரப்பூருக்கு வரவேண்டும்.

இவ்விணைப்பை மீண்டும் அமைக்க வேண்டுமென்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் நிலுவையில் இருந்தது. புதிய பாதைகளுக்கு ஒப்புதல் வழங்கும்போது முதலீட்டின் மீது நூற்றுக்குப் பதினான்கு வருவாய் கிடைக்குமா என்று பார்ப்பது நெடுங்காலம் இரயில்வேயின் வழக்கமாக இருந்தது. அக்கணக்கில் தேறாதவற்றைச் சமூகத் தேவை கருதி விதிவிலக்காகச் சேர்ப்பர். ஆதாயப் பணி, காப்புப் பணி என்ற பழைய பிரிவினை வேறு பெயரில் தொடர்ந்ததை இதில் காண்கிறோம். 2016–17ஆம் ஆண்டில் மொரப்பூர்–தருமபுரி புதிய அகலப்பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. நீளம் 36 கிலோமீட்டர். 2019 மார்ச் மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்பின் காலம் பெரும்பாலும் நில எடுப்பிலேயே கழிந்தது. 1906இல் 18 மைலாக இருந்த வழி இன்று 36 கிலோமீட்டராக நீள்வதற்குக் காரணம் உண்டு. 1941க்குப் பின் ஆளில்லாது கிடந்த பழைய தடத்தின் பகுதிகள் சாலைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டதால், புதிய பாதை அதை விட்டு விலகியே செல்ல வேண்டியுள்ளது.

இன்று மொரப்பூரில் வண்டியேறுவோருள் பலர் திருப்பூர் ஆலைகளுக்கும் கோவைக்கும் கேரளத்திற்கும் வேலைக்குச் செல்பவர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்கள் எண்ணிக்கை கூடும். 1877இல் தானியம் வந்து இறங்கியது இதே நிலையங்களில்தான்.